ஒரு சோடிக் கம்பியில் இரு பணி: ஒரு திறனாய்வு

மின்சுற்றுப் பலகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரண்டு பொருள்கள் செல்லவேண்டும். ஒன்று, அப்பலகை இயங்குதற்கு வேண்டிய மின்வலு. மற்றையது, அது யாது செய்யவேண்டும் என அறிவிக்கும் தரவு. முன்னதற்கு ஒரு சோடி, பின்னதற்கு ஒரு சோடி என நான்கு கம்பிகளை இழுப்பதே எளிய வழக்கம். அவ்விரண்டையும் ஒரே சோடியில் அனுப்பினால் இரண்டு கம்பிகள் மீதமாகுமன்றோ என்னும் வினா பொறியியலிற் பழையது. அவ்வாறு அனுப்புதல் இயலும் என்பதில் ஐயமில்லை. நூறாண்டுக்கு மேலாக அனுப்பி வருகின்றனர். ஆயின் இயலும் என்பது வேறு. தகும் என்பது வேறு. ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ என இம்முறையைப் புகழ்வார் பலர். இரண்டாவது மாங்காய்க்குக் கொடுத்த விலை யாது என வினவுவார் சிலரே. அவ்விலையைக் கணக்கிட்டு, எவ்விடத்து இம்முறை தகும், எவ்விடத்துத் தகாது எனத் துணிதல் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.

தொலைபேசி காட்டிய வழி

இம்முறையின் வெற்றிக்குத் தலைசிறந்த சான்று தொலைபேசியே. அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876 இல் தம் கருவிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கரி ஒலிவாங்கி வழக்கிற்கு வந்த பின்னர் ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும் அருகே மின்கலங்கள் வைக்கவேண்டியதாயிற்று. கலம் தளர்ந்தால் குரலும் தளரும். ஆள் ஒருவர் வீடு தோறும் சென்று கலங்களை மாற்றிவரவேண்டும். நிலையத்தை அழைப்பதற்கு வீட்டார் கைச்சுழற்றியைத் திருப்பிச் சிறு மின்பிறப்பாக்கியை இயக்கவும் வேண்டியிருந்தது. இத்தொல்லையை நீக்குமாறு, 1893 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்து இலெக்சிங்ரன் நகரில், கலங்கள் யாவும் நிலையத்திலேயே வைக்கப்பட்டன. குரல் செல்லும் அதே சோடிக் கம்பி வழியாகக் கருவிக்கு வேண்டிய ஓட்டமும் வீடு சென்றது. பின்னர் 48 உவோற்று அழுத்தம் பெருவழக்காயிற்று. ஒலிவாங்கியை இயக்கச் சில பத்து மில்லியம்பியர் ஓட்டம் போதியதாயிருந்தது.

இவ்வமைப்பின் நுட்பம் ஓட்டத்தை அனுப்பியதோடு அமையவில்லை. கைப்பிடியைத் தூக்கியதும் சுற்று மூடப்பட்டு ஓட்டம் பாயும். பாய்ந்த ஓட்டத்தைக் கண்டே நிலையம் ‘இவ்வீட்டார் பேச விரும்புகின்றார்’ என அறியும். உணவாக வந்தது செய்தியாகவும் ஆயிற்று. வீட்டில் மின்விளக்கு அணைந்த வேளையிலும் தொலைபேசி பேசியமைக்குக் காரணமும் இதுவே. ஒளியிழை வீடுவரை வந்த இடங்களில் இப்பண்பு மறைந்து வருகின்றது. கண்ணாடி இழை ஒளியைச் சுமக்கும், கருவிக்கு உணவைச் சுமக்காது.

பிரிவினையின் தத்துவம்

ஒரே கம்பியில் இரண்டைக் கலத்தல் எளிது. கலந்ததைப் பிரித்தலே அரிது. தொலைபேசி கையாண்ட பிரிவினை மீடிறன் பற்றியது. வலு நேரோட்டமாகச் செல்கின்றது. அதன் மீடிறன் பூச்சியம். தொலைபேசியில் அனுப்பும் குரல் ஏறத்தாழ 300 முதல் 3400 ஏட்சுவரை உள்ள ஆடலோட்டம். கொள்ளளவி நேரோட்டத்தைத் தடுத்து ஆடலோட்டத்தை விடும். தூண்டுசுருள் அதற்கு மறுதலையாக நேரோட்டத்தை விட்டு ஆடலோட்டத்தைத் தடுக்கும். ஆகவே வலுவைச் சுருள் வழியும் செய்தியைக் கொள்ளளவி வழியும் சோடியிற் சேர்த்து, மறுமுனையில் அவ்வாறே பிரித்தெடுக்கலாம். நிலையத்தில் இதனைச் செய்த அமைப்புகளுள் ஒன்று ஜோன் ஸ்ரோன் ஸ்ரோன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பெயரால் ஸ்ரோன் பாலம் என வழங்கிற்று.

இம்முறை பெரிய நிலையத்திலிருந்து உள்ளங்கை அளவினதான பலகைக்கு எவ்வாறு இறங்கிற்று என்பதைச் சிறு கணக்கொன்று விளக்கும். சுருளின் தடங்கல் மீடிறனோடு நேர்விகிதத்தில் உயரும். 300 ஏட்சில் ஒரு என்றி அளவுள்ள சுருள் ஏறத்தாழ 1885 ஓம் தடங்கல் தரும்; குரல்வழிக்குரிய 600 ஓமுக்கு அது மும்மடங்கு. ஒரு என்றிச் சுருள் இரும்பகணியும் பல சுற்றுக் கம்பியும் உடைய கனத்த பொருள். ஆனால் தரவு ஒரு மெகா ஏட்சில் ஓடுமாயின், 100 மைக்கிரோ என்றிச் சுருளே 628 ஓம் தடங்கல் தரும். 100 ஓம் வழிக்கு அது அறுமடங்குக்கு மேலாகும். சுருள் பதினாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியும் காவல் முன்னையினும் வலிதாயிற்று. தரவு விரைவுற்றதே பழைய முறைக்குப் புதுவாழ்வு தந்தது எனலாம்.

இப்புதுவாழ்வு 2016 இல் முறையான ஏற்பும் பெற்றது. மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவகம் 802.3 பி.யு. என்னும் நியமத்தால், ஒற்றைச் சோடி ஈதர்நெற்றுக் கம்பியில் தரவோடு 50 வாற்றுவரை வலுவைப் பெறும் கருவிக்குத் தர வழிவகுத்தது. ஊர்திகளும் தொழிற்சாலைக் கருவிகளும் இதன் முதன்மையான இலக்குகள்.

இதே நிறுவகம் 2003 இல் வகுத்த முன்னைய ஈதர்நெற்று வலு நியமத்தோடு இதனை ஒப்பிடுதல் தகும். அங்கே வலு செல்வதற்கு இரண்டு சோடிகள் உண்டு. வலு ஒரு சோடியின் இரு கம்பிகளிலும் ஒத்த அளவிற் சென்று மறுசோடியால் மீளும். தரவோ ஒரு சோடியின் இரு கம்பிகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் உறைவது. ஒத்துச் செல்லும் வலு அவ்வேறுபாட்டைத் தீண்டாது. நிலைமாற்றியின் நடுவே புகுத்தப்படும் ஓட்டம் இரு பாதியிலும் எதிரெதிராக ஓடி அகணியின் காந்தத்தையும் சமன்செய்துவிடும். ஒற்றைச் சோடியில் இந்நலன் இல்லை. ஒரு கம்பியிற் சென்று மறுகம்பியில் மீளும் வலுவும் வேறுபாட்டிலேயே குடியிருக்கின்றது. தரவும் அங்கேயே குடியிருக்கின்றது. ஒரே அறையில் இருவர் வாழ்வார்போல அவை வாழவேண்டும். ஆதலின் நான்கு கம்பி முறையின் வெற்றியைக் காட்டி இரண்டு கம்பி முறையும் அவ்வளவு எளிது என்பார் கூற்றுப் பொருந்தாது.

தரவின் ஒழுக்கம்

மீடிறனாற் பிரிக்கும் முறை தரவின்மீது ஒரு நிபந்தனையை விதிக்கின்றது. தரவு நேரோட்டத்தின் எல்லைக்குள் நுழைதல் ஆகாது. அதாவது, அதன் சராசரி பூச்சியமாக இருத்தல் வேண்டும். நெடுநேரம் ஒரே நிலையில் நிற்றலும் கூடாது. இந்நிபந்தனையை மறந்த அமைப்பே பெரும்பாலும் தோல்வியுறுகின்றது.

நுண்செயலிகள் பலவற்றிலும் காணப்படும் எளிய தொடர்முறைத் தொடர்பை எடுத்துக்கொள்க. செக்கனுக்கு 9600 துணுக்குகள் என்னும் விரைவில் ஒரு துணுக்கு 104 மைக்கிரோ செக்கன் நிற்கும். எட்டுத் துணுக்குகளும் பூச்சியமான எழுத்தொன்றை அனுப்பினால், தொடக்கத் துணுக்கோடு சேர்த்து ஒன்பது துணுக்குக் காலம், ஏறத்தாழ 938 மைக்கிரோ செக்கன், கம்பி தாழ்நிலையிலேயே கிடக்கும். இதனை 0.1 மைக்கிரோ பரட்டுக் கொள்ளளவி வழியாக 100 ஓம் வழிக்குட் செலுத்துவோமாயின், அச்சுற்றின் கால மாறிலி 10 மைக்கிரோ செக்கன் மட்டுமே. முதற்றுணுக்கு முடியுமுன்னரே சைகை வடிந்து மறைந்துவிடும். விளிம்புகளில் ஊசிபோன்ற துடிப்புகளே எஞ்சும். கற்போர் சிலர் இதனைக் கண்டு கம்பியைப் பழிப்பர்; பழி கம்பியினதன்று, தரவுக்கு ஒழுக்கம் கற்பியாமையினது.

இவ்வொழுக்கத்தைக் கற்பிக்கும் முறைகள் உள. மான்செஸ்ரர் குறிமுறையில் ஒவ்வொரு துணுக்கின் நடுவிலும் ஒரு மாற்றம் நிகழும்; ஒரே நிலை ஒரு துணுக்குக் காலத்துக்கு மேல் நீளாது. செக்கனுக்குப் பத்து இலட்சம் துணுக்குகள் அனுப்பினால் மிக நீண்ட நிலையும் ஒரு மைக்கிரோ செக்கனே. மேற்கூறிய சுற்றில் அதன் வடிவு பத்து வீதத்துக்குள் அடங்கும். ஆயினும் இதன் விலை இருமடங்கு அகலமான மீடிறன் பரப்பு. 1983 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த விட்மர், பிரனசெக் ஆகியோர் வெளியிட்ட குறிமுறை எட்டுத் துணுக்குகளைப் பத்தாக்கி அனுப்புவது. ஒரே நிலை ஐந்து துணுக்குகளுக்கு மேல் தொடராது. விலையும் நான்கில் ஒரு பங்கு மிகையே. எவ்வாறாயினும், கம்பியில் மிச்சம் பிடித்தது குறிமுறையிற் செலவாகின்றது என்பது தெளிவு.

காலத்தாற் பிரித்தல்

மீடிறனை நாடாது காலத்தை நாடும் முறையும் உண்டு. அமெரிக்க நிறுவனமான டலஸ் செமிகண்டக்டர் உருவாக்கிய ‘ஒரு கம்பி’ முறை இதற்குச் சான்று. பெயர் ஒன்றெனினும் புவிக்கம்பியோடு சேர்த்துக் கம்பி இரண்டே. தரவுக் கம்பி உயர்நிலையில் இருக்கும்போது, கருவியினுள் அமைந்த சிறு கொள்ளளவி நிரம்பிக்கொள்ளும். கம்பி தாழும்போது அச்சேமிப்பைக் கொண்டு கருவி உயிர்வாழும். ‘ஒன்று’ எனற்கு ஒரு நொடிப்பொழுது தாழ்தல், 15 மைக்கிரோ செக்கனுக்குட்பட்டது. ‘பூச்சியம்’ எனற்கு 60 மைக்கிரோ செக்கனேனும் தாழ்தல். சுருளும் வேண்டா, குறிமுறையும் வேண்டா. அழகிய எளிமை.

அவ்வெளிமையின் எல்லையை அந்நிறுவனத்தின் டி.எஸ்.18பி20 என்னும் வெப்பமானியே காட்டிவிடுகின்றது. வெப்பநிலையை நுணுக்கமாக அளக்கும்போது அதற்கு 1.5 மில்லியம்பியர்வரை ஓட்டம் வேண்டும். வழக்கமாகக் கம்பியை உயர்த்தி வைக்கும் தடை 4700 ஓம். அத்தடையினூடு 1.5 மில்லியம்பியர் பாயவேண்டின் அதில் மட்டும் 7 உவோற்றுக்கு மேல் வீழ்ச்சியுறும். கிடைப்பதோ 5 உவோற்று. ஆதலின் அளக்குங் காலத்தில் தடையை விலக்கிக் கம்பியை வலுவின் மூலத்தோடு நேரே பிணைத்தல் வேண்டும். அக்காலம் 750 மில்லிச்செக்கன்வரை நீளலாம். அதுகாறும் அக்கம்பியிலுள்ள எக்கருவியும் பேசவியலாது. உண்ணும் வாய் பேசாது. பேசும் வாய் உண்ணாது. மணிக்கொரு முறை வெப்பநிலை அறியும் இடத்தில் இது குறையன்று. இடையறாது செய்தி வேண்டும் இடத்தில் இது பெருங்குறை.

வலுவே செய்தியாதல்

மூன்றாவது வழி, இரண்டையும் பிரியாது ஒன்றாக்கிவிடுதல். தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக வழங்கும் 4 முதல் 20 மில்லியம்பியர் வளையம் இத்தகையது. அளவு குறைந்த எல்லையில் 4 மில்லியம்பியரும் நிறைந்த எல்லையில் 20 மில்லியம்பியரும் பாயும். பூச்சியத்துக்கு மாறாக நான்கிலிருந்து தொடங்குவதன் நுட்பம் இருவகையது. அந்நான்கு மில்லியம்பியரே அளவியின் பிழைப்பு. 12 உவோற்றில் அது 48 மில்லிவாற்று, அதற்குள் அக்கருவி வாழவேண்டும். மேலும் ஓட்டம் பூச்சியமானால் ‘அளவு குறைவு’ என மயங்காது ‘கம்பி அறுந்தது’ எனத் துணியலாம். 1980களில் எழுந்த ‘ஹார்ட்’ முறை இதன்மேல் 1200, 2200 ஏட்சு ஆகிய இரு சுரங்களை அரை மில்லியம்பியர் வீச்சில் ஏற்றி, செக்கனுக்கு 1200 துணுக்குகள் அனுப்பிற்று. அச்சுரங்களின் சராசரி பூச்சியமாதலின் பழைய அளவீடு சிறிதும் கெடவில்லை. பழையதைக் குலையாமற் புதியதைச் சேர்த்த முதிர்ந்த அமைப்பு இது.

விளையாட்டுப் புகைவண்டிகளுக்கு அமைந்த இலக்கமுறைக் கட்டளையும் இவ்வினத்தது. இரு தண்டவாளங்களுக்கிடையே அழுத்தம் திசைமாறிக்கொண்டே இருக்கும். அரைச்சுற்று 58 மைக்கிரோ செக்கன் நிற்பின் அது ‘ஒன்று’. 100 அல்லது அதற்கு மேல் நிற்பின் ‘பூச்சியம்’. எத்திசையினதாயினும் வண்டியிலுள்ள பலகை அதனைப் பாலச் சீராக்கியால் வலுவாக்கிக்கொள்ளும். திசைமாறும் காலத்தை அளந்து கட்டளையாக்கிக்கொள்ளும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே அழுக்குப் படிந்து தொடர்பு அறுவது இயல்பு. ஆதலால் ஒவ்வொரு கட்டளையும் பிழைகாணும் எண்ணோடு திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றது. தண்டவாளம் இரண்டே என்னும் கட்டாயத்திற் பிறந்த இம்முறை, அக்கட்டாயத்துக்கு ஏற்ற விடையாகும்.

குறைகள்

இனிக் குறைகளை நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, உறுப்புகளின் பெருக்கம். சமநிலைச் சோடியொன்றில் மீடிறனாற் பிரிக்கும்போது ஒவ்வொரு முனையிலும் இரண்டு சுருள்களும் இரண்டு கொள்ளளவிகளும் வேண்டும். இரு முனைக்கும் எட்டு. ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும் இரு பலகைகளுக்கு இம்முறையை அமைப்பவர் இரண்டு கம்பிகளை நீக்குதற்கு எட்டு உறுப்புகளைச் சேர்க்கின்றார். இதனைச் சிக்கனம் என்றல் பொருந்துமா?

இரண்டாவது, சுருளின் நேர்மையின்மை. நூல்களில் வரும் சுருள் எம்மீடிறனிலும் சுருளே. கையில் எடுத்த சுருளின் சுற்றுகளுக்கிடையே சிறு கொள்ளளவு உண்டு. ஓர் எல்லைக்கு மேல் அது கொள்ளளவிபோல் நடந்து தரவை விழுங்கும். ஊர்திகளின் ஒளிப்படக் கருவிகளில் படத்தரவு மிக உயர்ந்த மீடிறனிலும் மீள்வரும் கட்டளை தாழ்ந்த மீடிறனிலும் ஒரே வடத்தில் வலுவோடு செல்கின்றன. ஒரு சுருள் அப்பரப்பு முழுதையும் காக்கமாட்டாமையின், வேறுவேறு அளவுள்ள சுருள்களைத் தொடராக வைக்கின்றனர். மேலும் வலு ஓட்டம் மிகுந்தால் அகணி காந்தத்தால் நிரம்பிச் சுருள் தன் தூண்டுதிறனை இழக்கும். ஓட்டமற்ற சோதனையிற் செவ்வையாக நடந்த அமைப்பு, முழுச்சுமையில் தரவை இழப்பது பெரும்பாலும் இதனாலேயே.

மூன்றாவது, சுமையின் சலனம். பெறும் பலகையிலுள்ள செயலி சீராக உண்பதில்லை. திடீரென மிகுதியாக உண்ணும், திடீரென நிறுத்தும். ஒவ்வோர் ஏற்றத்தாழ்வும் அதே சோடியில் அழுத்த அலையாகத் தோன்றும். தனிக் கம்பியில் அது வலுவின் குறை மட்டுமே. பொதுக் கம்பியில் அது போலிச் செய்தியாகின்றது.

நான்காவது, கம்பியின் தடை. 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள செப்புக் கம்பி கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 88 ஓம் தடையுடையது. பத்து மீற்றர் தூரத்துக்குப் போக்கும் வரவுமாக 1.75 ஓம். அதனூடு 5 உவோற்றில் ஒரு அம்பியர் செலுத்தினால் 1.75 வாற்றுக் கம்பியிலேயே வெந்து ஒழியும். அதே 5 வாற்றை 48 உவோற்றில் செலுத்தினால் இழப்பு 0.02 வாற்றுக்கும் குறைவு. தொலைபேசியாளர் 48 உவோற்றைத் தேர்ந்த அறிவு இன்றும் பழையதாகவில்லை. ஆனால் உயர் அழுத்தத்தைப் பலகையில் மீண்டும் தாழ்த்துதற்கு மாற்றி வேண்டும். அம்மாற்றியும் இரைச்சலை எழுப்பும். மூன்றாவது குறை மேலும் வளரும்.

ஐந்தாவது, இரண்டும் ஒருங்கே மடிதல். கம்பி ஒன்று அறுந்தால் பலகை உணவையும் இழக்கும், குரலையும் இழக்கும். தன் துன்பத்தைச் சொல்லவும் மாட்டாது. 4 முதல் 20 வளையம்போல் மௌனத்தையே செய்தியாகக் கொள்ளும் அமைப்பே இக்குறையைக் குணமாக்கும்.

முடிபு

இவற்றை ஒருசேர நோக்குமிடத்து, வெற்றிபெற்ற ஒவ்வோரிடத்தும் கம்பியோ தொடுகையோ உண்மையாகவே அரிதாயிருந்தமை புலனாகும். தொலைபேசியில் கம்பி வீடு தோறும் நீண்டது. ஊர்தியில் வடத்தின் எடை சுமையாயிற்று. புகைவண்டிக்குத் தண்டவாளம் இரண்டே வாய்த்தன. சுழலும் பொறியில் ஒவ்வொரு வழுக்கு வளையமும் தேய்ந்து பழுதாகும் உறுப்பு. ஆங்கெல்லாம் இரண்டு கம்பிகளைக் குறைத்தல் மெய்யான ஊதியம். அருகருகே அசையாதிருக்கும் பலகைகளுக்கோ அது போலிச் சிக்கனம். ஒருவர் கண்ணுக்குத் தெரியும் கம்பியைக் குறைத்து, கண்ணுக்குப் புலப்படாத சிக்கலை வாங்கிக்கொள்கின்றார்.

ஆகவே ஒரு சோடியில் இரு பணியை ஒப்படைக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் கடன். நீக்கப்படும் கம்பியும் தொடுகையும் சேர்க்கப்படும் உறுப்புகளினும் விலைமிக்கனவா? அனுப்பப்படும் தரவு சராசரி பூச்சியம் என்னும் ஒழுக்கத்துக்கு, அல்லது உண்ணும் நேரத்து மௌனத்துக்கு, இசையுமா? இரண்டும் ஒருங்கே அற்றுப்போகும் வேளையை அமைப்புத் தாங்குமா, அதனை அறிவிக்குமா? மூன்றுக்கும் விடை ‘ஆம்’ எனின் இம்முறையினும் நேர்த்தியானது பிறிதில்லை. ஒன்றுக்கேனும் ‘அன்று’ என விடை வருமாயின் நான்கு கம்பிகளை இழுத்தலே அறிவுடைமை. ஆய்வுகூடத்து மேசையில் இருபது சதமமீற்றர்க் கம்பியைக்கொண்டு இம்முறையைச் செய்துபார்த்தல் நல்ல பயிற்சியே. அப்பயிற்சியின் முடிவில் மாணவர் குறித்துக்கொள்ளவேண்டிய அளவீடு, கம்பிகளின் எண்ணிக்கையோடு இரு முனைகளிலும் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையுமாகும்.